தாத்தா அமெரிக்கர் ஆனது எந்த நாளில்? இத்தாலியக் குடியுரிமைக்கு நேச்சுரலைசேஷன் ஆவணம் தேடும் வழி

இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன மூதாதையர் வழியாக இத்தாலியக் குடியுரிமை கேட்க நினைப்பவர்களில் பலர், எடுத்த எடுப்பிலேயே இத்தாலிய ஊருக்கு எழுதி அவருடைய பிறப்புச் சான்றை வரவழைத்துவிடுகிறார்கள். அது இரண்டாவது வேலை. முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, அவர் அமெரிக்கக் குடிமகனாக மாறினாரா, மாறியிருந்தால் எந்த நாளில் உறுதிமொழி எடுத்தார் என்பதை. பிறப்பு, திருமணம், இறப்பு என்று தலைமுறைக்கு மூன்று சான்றுகள், ஒவ்வொன்றுக்கும் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் முத்திரைச் சான்று), மொழிபெயர்ப்பு என்று செலவு ஏறிக்கொண்டே போகும். அந்தச் செலவில் இறங்கலாமா வேண்டாமா என்பதை இந்த ஒரு தேதி சொல்லிவிடும்.

காரணம் எளிது. 1912-ஆம் ஆண்டின் 555-ஆம் எண் சட்டப்படி, தானே விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்று வெளிநாட்டில் குடியிருந்தவர் இத்தாலியக் குடியுரிமையை இழந்தார். 1992 ஆகஸ்டில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அந்த இழப்பு நின்றது. அதற்கு முன் அமெரிக்கரானவர், தான் மாறியபின் பிறந்த பிள்ளைக்கு இத்தாலியக் குடியுரிமையைக் கொடுக்க முடியாது. அவரிடமே அது இல்லை.

எந்தச் சான்று உங்களுக்குத் தேவை

2025 மார்ச் 28 அன்று வந்த 36-ஆம் எண் அவசர ஆணையும், மே மாதம் அதைச் சட்டமாக்கிய 74-ஆம் எண் சட்டமும் நிலைமையைப் பெரிதும் மாற்றிவிட்டன. ரோம் நேரப்படி 2025 மார்ச் 27 இரவு 11:59-க்குள் விண்ணப்பமோ வழக்கோ பதிவு செய்தவர்களுக்கும், அதற்குள் தூதரகம் சந்திப்பு நாள் ஒதுக்கித் தெரிவித்திருந்தவர்களுக்கும் பழைய விதி. கொள்ளுத் தாத்தா, எள்ளுத் தாத்தா வழியாகவும் கேட்கலாம். அவர்கள் காட்ட வேண்டியது, அடுத்த தலைமுறைப் பிள்ளை பிறந்த பிறகுதான் அவர் அமெரிக்கரானார் என்பதை.

புதிதாக வருபவர்களுக்கு முக்கியமான வழி ஒன்று: பெற்றோரிலோ தாத்தா பாட்டியிலோ ஒருவர் இத்தாலியக் குடியுரிமையை மட்டுமே வைத்திருக்க வேண்டும், அல்லது இறந்தபோது அதை மட்டுமே வைத்திருந்திருக்க வேண்டும். ஆகவே இன்று தேடலின் எடை, "எப்போது மாறினார்" என்பதைவிட "மாறவே இல்லை" என்று நிரூபிப்பதில்தான் விழுகிறது. பழைய வழிகாட்டிகள் மாறிய தேதியைக் கண்டுபிடிப்பதோடு நிறுத்திவிடும். உங்களுக்கு அது போதாமல் போகலாம்.

மூன்றாவது வகையினரும் உண்டு. இத்தாலியில் பிறந்து, 1992-க்கு முன் அமெரிக்கராகி, இத்தாலியக் குடியுரிமையை இழந்தவர்களுக்கு, அதைத் திரும்பப் பெற 2025 ஜூலை 1 முதல் 2027 டிசம்பர் 31 வரை வாய்ப்பு இருக்கிறது. அவர்களுக்கும் இழந்த தேதியைக் காட்டும் தாள் வேண்டும். வீட்டில் வயதான பெற்றோர் இந்த நிலையில் இருந்தால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பழைய விதியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். தந்தை அமெரிக்கரானபோது பிள்ளை மைனராக இருந்து அவரோடு வாழ்ந்திருந்தால், பிள்ளையும் இத்தாலியக் குடியுரிமையை இழந்தது என்று உள்துறை அமைச்சகம் 2024 அக்டோபர் 3 சுற்றறிக்கையில் சொன்னது. பிள்ளை அமெரிக்காவில் பிறந்து பிறப்பாலேயே அமெரிக்கராக இருந்தாலும் இது பொருந்தும். இத்தாலியில் 1975 மார்ச் வரை மேஜர் வயது 21, 18 அல்ல. கணக்குப் போடும்போது நிறையப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள்.

மூன்று தாள்கள், மூன்று தேதிகள்

நேச்சுரலைசேஷன், அதாவது வேறு நாட்டவர் அமெரிக்கக் குடியுரிமை பெறுவது, ஒரே நாளில் முடிந்த காரியம் அல்ல. முதலில் "அமெரிக்கராக விரும்புகிறேன்" என்ற அறிவிப்பு. மக்கள் அதை முதல் தாள் என்றார்கள். குறைந்தது 2 ஆண்டுகள் கழித்து, மொத்தம் 5 ஆண்டுகள் வசித்த பிறகு, மனு; இது இரண்டாம் தாள். கடைசியில் நீதிபதி முன் உறுதிமொழி, அதன்பின் சான்றிதழ். உறுதிமொழி எடுத்த நாள்தான் குடியுரிமை மாறிய நாள்.

முதல் தாள் மட்டும் கையில் கிடைத்தால் அது எதையும் முடிவு செய்யாது. முதல் தாளோடு நின்றுவிட்ட இத்தாலியர்கள் நிறைய. 1906-க்குப் பிறகு அந்த அறிவிப்பு 7 ஆண்டுகளில் காலாவதியானதால், இரண்டு முறை பதிவு செய்தவர்களும் உண்டு. மனுவும் முடிவல்ல, நிராகரிக்கப்பட்ட மனுக்களும், மனுதாரர் வராததால் தள்ளுபடியான மனுக்களும் அதே கட்டுக்குள்தான் கிடக்கின்றன. 1906 சட்டப்படி மனுவுக்கும் விசாரணைக்கும் இடையே குறைந்தது 90 நாட்கள் விட வேண்டும். ஆகவே மனுவின் முன்பக்கத்தில் இருக்கும் தேதியை உறுதிமொழித் தேதி என்று எழுதிவிட்டால், அந்த இடைவெளியில் பிறந்த பிள்ளையின் கணக்கே புரண்டுவிடும்.

மனுவின் பின்பக்கத்தைப் பாருங்கள். சாட்சிகள் இருவரின் வாக்குமூலம், அதன் கீழே உறுதிமொழி வாசகம், மூதாதையரின் கையெழுத்து, தேதி. எழுதத் தெரியாதவர் என்றால் ஒரு பெருக்கல் குறியும், அதைச் சுற்றி எழுத்தர் எழுதிய பெயரும். அதற்கும் கீழே, பிற்கால அச்சுப் படிவங்களில், மனு ஏற்கப்பட்டது என்ற வரியும் வழங்கப்பட்ட சான்றிதழின் எண்ணும் இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் பணமும் காலமும் மிச்சமாகும். நகல் கேட்கும்போது "இரு பக்கமும்" என்று எழுதிக் கேளுங்கள். முன்பக்கம் மட்டும் வந்து மறுபடி எழுதிக் கேட்க நேர்வது அடிக்கடி நடக்கிறது.

1929 ஜூலையிலிருந்து அறிவிப்புப் படிவத்தில் புகைப்படமும் ஒட்டினார்கள். தாத்தாவின் இளவயது முகத்தைப் பல குடும்பங்கள் முதன்முறையாகப் பார்ப்பது இந்தத் தாளில்தான்.

1906 செப்டம்பர் 27 என்ற கோடு

1906 சட்டம் நடைமுறைக்கு வந்த இந்த நாளுக்கு முன், பதிவேடு வைத்திருந்த எந்த நீதிமன்றமும் குடியுரிமை கொடுக்கலாம்: கூட்டாட்சி நீதிமன்றம், மாநில நீதிமன்றம், கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) நீதிமன்றம், நகர நீதிமன்றம்கூட. வாஷிங்டனுக்குப் பிரதி போகவில்லை. தாளிலும் விவரம் குறைவு. பெயர், "இத்தாலி மன்னரின் குடி" என்ற சொல், தேதி, ஒரு சாட்சி, அவ்வளவே இருக்கலாம். பிறந்த ஊர் இருக்காது. அதே பெயரில் வேறொருவர் இல்லை என்று காட்ட, முகவரியையும் தொழிலையும் மற்ற ஆவணங்களோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

இந்த நாளுக்குப் பின், நீதிமன்றம் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, இன்னொன்றை வாஷிங்டனுக்கு அனுப்பியது. அங்கே சேர்ந்த கோப்புதான் சி-ஃபைல். 1956 மார்ச் 31 வரையிலான சி-ஃபைல்கள் இன்று குடிவரவுத் துறையான யூ.எஸ்.சி.ஐ.எஸ்.-இடம் இருக்கின்றன, அதற்குப் பிந்தையவை ஏ-ஃபைல் என்ற அந்நியர் கோப்பில். 1906-க்குப் பிந்தைய மனுக்களில் பிறந்த ஊர், கப்பல் பெயர், வந்த தேதி, மனைவி, பிள்ளைகளின் பெயர், அவர்கள் பிறந்த நாள் எல்லாம் உண்டு.

இந்தக் கோட்டிலிருந்து ஒரு பயனுள்ள கணக்கு வருகிறது. 5 ஆண்டு வசிப்பு கட்டாயம் என்பதால், 1901 செப்டம்பருக்குப் பிறகு வந்திறங்கிய சாதாரணக் குடியேறி 1906 கோட்டுக்கு முன் முறைப்படி அமெரிக்கராகியிருக்க வழியில்லை. அவருக்காகப் பழைய கவுண்டிப் பதிவேடுகளைத் துழாவ வேண்டியதில்லை. 1895-இல் வந்தவர் என்றால், வந்த நாளிலிருந்து 1906 வரை அவர் வாழ்ந்த ஒவ்வொரு கவுண்டியிலும் தேட வேண்டும்.

தடயங்களைச் சேர்ப்பது

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொடங்குங்கள். வம்சாவளித் தளங்களில் ஃபேமிலிசர்ச்சில் இலவசம், ஆன்செஸ்ட்ரியில் சந்தா. 1900 முதல் 1940 வரையிலான கணக்கெடுப்புகளில் குடியுரிமைக் கட்டம் ஒன்று உண்டு: ‘ஏ-எல்’ என்றால் அந்நியர், ‘பி-ஏ’ என்றால் முதல் தாள் எடுத்தவர், ‘என்-ஏ’ என்றால் குடிமகன். 1920 கணக்கெடுப்பு மட்டும் எந்த ஆண்டு குடிமகனானார் என்றும் கேட்டது. ஆனால் இவை வாய்ச்சொல்லை நம்பி எழுதியவை. கதவைத் திறந்தவர் பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். 1920-இல் குடிமகன், 1930-இல் அந்நியர் என்று மாறி மாறி வருவது சாதாரணம். எங்கே தேட வேண்டும் என்று குறுக்கிக்கொள்ள மட்டுமே இதைப் பயன்படுத்துங்கள்.

கப்பல் பயணியர் பட்டியலில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பெயருக்கு நேரே, தொழில் எழுதிய கட்டத்தில், வேறு கையெழுத்தில் "6-84321 3/14/39" போன்ற எண்கள் நெருக்கமாக எழுதப்பட்டிருக்கலாம். பல ஆண்டுகள் கழித்து அவர் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, வந்திறங்கியதைச் சரிபார்த்த எழுத்தர் வைத்த குறிப்பு அது. முதல் எண் விண்ணப்பம் நடந்த குடிவரவு மாவட்டம். கடைசியில் இருப்பது சரிபார்த்த தேதி. இவர் முயன்றார் என்றுதான் இது சொல்கிறது, முடித்தார் என்று அல்ல. ஆனாலும் எந்த ஆண்டைச் சுற்றித் தேடுவது என்பதற்கு இதைவிட நல்ல தடயம் கிடைப்பது அரிது.

முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவரா என்று கேட்டுப் பாருங்கள். 1918 மே 9 சட்டம் படைவீரர்களுக்கு முதல் தாள் இல்லாமலே குடியுரிமை கொடுத்தது. நியூயார்க்கின் கேம்ப் அப்டன், நியூ ஜெர்சியின் கேம்ப் டிக்ஸ் போன்ற பயிற்சி முகாம்களுக்கு அருகிலிருந்த நீதிமன்றங்களில் கூட்டம் கூட்டமாக உறுதிமொழி நடந்தது. சொந்த ஊர்ப் பதிவேட்டில் இல்லாதவர் முகாம் ஊர்ப் பதிவேட்டில் இருப்பார்.

பெயரில்தான் தேடல் அதிகம் வழுக்கும். ஜூசெப்பே ஜோசப் ஆகியிருப்பார், வின்சென்சோ ஜேம்ஸ் ஆகியிருப்பார், காயெத்தானோ தாமஸ் ஆகியிருப்பார். குடும்பப் பெயரின் முன்னால் வரும் டி, டெ, லோ ஆகியவை சில அட்டைகளில் சேர்ந்தும் சில அட்டைகளில் விடுபட்டும் இருக்கும். இரண்டு வகையிலும் தேடுங்கள். நியூயார்க் நகரம், நியூ இங்கிலாந்து, சிகாகோ வட்டாரம் ஆகியவற்றின் பழைய அட்டவணைகள் சவுண்டெக்ஸ் முறையில் அடுக்கியவை: பெயரின் முதல் எழுத்தும் மூன்று இலக்கங்களும். எஸ்போசிட்டோ என்றால் ‘இ-212’. ஒலி ஒத்த பெயர்கள் ஒரே எண்ணில் வருவது இதன் வசதி. முதல் எழுத்து மாறினால் எண் வேறிடம் போய்விடுவது இதன் குறை: இயாகோனோவை யாகோனோ என்று எழுதியிருந்தால் வேறு பெட்டி.

நகல் வாங்குவது

கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடந்தது என்றால் தேசிய ஆவணக் காப்பகத்தின் வட்டாரக் கிளைக்கு எழுத வேண்டும். நியூயார்க், நியூ ஜெர்சிக்கு நியூயார்க் நகரக் கிளை, பென்சில்வேனியாவுக்கு ஃபிலடெல்ஃபியா, நியூ இங்கிலாந்து மாநிலங்களுக்கு பாஸ்டன் அருகே வால்தம், இல்லினாய்ஸுக்கு சிகாகோ, சிசிலியர்கள் நிறையக் குடியேறிய லூசியானாவுக்கு ஃபோர்ட் வொர்த். கேட்க வேண்டியது முத்திரையிட்ட சான்றுநகல். சாதாரண நகலையோ இணையத்திலிருந்து அச்சிட்ட படத்தையோ தூதரகம் ஏற்காது.

மாநில அல்லது கவுண்டி நீதிமன்றத்தில் நடந்தது என்றால் கவுண்டி கிளார்க் அலுவலகம். பென்சில்வேனியாவில் அந்த அலுவலருக்குப் புரோதோனோட்டரி என்று பெயர். அந்தச் சொல் தெரியாமல் பலர் வேறு அலுவலகங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சில மாநிலங்களில் பழைய ஏடுகள் மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டன. எழுதுமுன் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

சி-ஃபைலுக்கு யூ.எஸ்.சி.ஐ.எஸ்.-இன் மரபுவழி ஆய்வுத் திட்டம் இருக்கிறது. கோப்பு எண் தெரியாவிட்டால் ஜி-1041 படிவத்தில் அட்டவணைத் தேடல். எண் தெரிந்தால் நேரே ஜி-1041ஏ படிவத்தில் கோப்பு. மனுவின் பின்பக்கத்துச் சான்றிதழ் எண்ணைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான். 2024 ஏப்ரலில் வந்த கட்டணப்படி இரண்டும் இணையத்தில் தலா 30 டாலர், காகிதத்தில் 80 டாலர். கட்டுமுன் அன்றைய கட்டணத்தைப் பாருங்கள். தேடப்படுபவர் பிறந்து 100 ஆண்டுகள் ஆகவில்லை என்றால் அவருடைய இறப்புச் சான்றையும் இணைக்க வேண்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். ஆகவே இதை முதல் நாளே அனுப்பிவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள். உயிரோடு இருப்பவர் தன் கோப்பைக் கேட்க இந்தத் திட்டம் உதவாது; தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் அவரே விண்ணப்பிக்க வேண்டும்.

"மாறவில்லை" என்று நிரூபிப்பது

இதற்கு ஒரே தாள் போதாது, அடுக்கித்தான் காட்ட வேண்டும். முதன்மையானது யூ.எஸ்.சி.ஐ.எஸ். தரும் "பதிவு இல்லை" சான்று. ஜி-1566 படிவம், 2024 ஏப்ரல் முதல் 330 டாலர். பெயரின் எல்லா வடிவங்களையும், ஆவணங்களில் வரும் எல்லாப் பிறந்த தேதிகளையும் அதில் எழுதுங்கள். கல்லறைக் கல்லில் ஒரு தேதி, திருமணப் பதிவில் ஒரு தேதி என்றால் இரண்டும். ஒரே வடிவத்தைக் கொடுத்து வாங்கிய சான்றைத் தூதரகம் திருப்பினால் 330 டாலரை மறுபடி கட்ட நேரும்.

இந்தச் சான்று 1906 செப்டம்பர் 27-க்குப் பிந்தைய காலத்துக்கு மட்டுமே பேசும். அதற்கு முன் வந்தவருக்கு, வாழ்ந்த கவுண்டிகளிலிருந்தும் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்தும் "தேடினோம், இல்லை" என்ற கடிதங்கள் வேண்டும். கடிதத்தில் தேடிய ஆண்டுகள், தேடிய பெயர் வடிவங்கள், கையெழுத்து, முத்திரை இருக்க வேண்டும்.

எதிர்மறைச் சான்றுகளுக்கு நடுவே நேர்ச்சான்று ஒன்றும் கிடைக்கலாம். 1940-இல் வந்த சட்டப்படி 14 வயதும் அதற்கு மேலும் ஆன அந்நியர் அனைவரும் கைரேகை வைத்துப் பதிய வேண்டியிருந்தது. ஏ.ஆர்.-2 என்ற அந்தப் படிவங்களில் 1940 ஆகஸ்ட் முதல் 1944 மார்ச் வரையிலானவை யூ.எஸ்.சி.ஐ.எஸ்.-இடம் இருக்கின்றன. 1908-இல் வந்த தாத்தா 1940-இல் அந்நியராகப் பதிந்திருந்தால், இடைப்பட்ட 32 ஆண்டுகளைப் பற்றிய கேள்விக்கு அவரே பதில் எழுதி வைத்தது போல. கணக்கெடுப்பில் தொடர்ந்து வரும் ‘ஏ-எல்’ குறியும் இதோடு சேர்ந்தால் கட்டு வலுவாகும்.

மனைவியும் பிள்ளைகளும்

1922 செப்டம்பர் 22-க்கு முன் கணவன் அமெரிக்கரானால் மனைவியும் தானாகவே அமெரிக்கர். அவர் பெயரில் தனித் தாள் இருக்காது; கணவனின் தாள்தான் அவருடையதும். அதன்பின் அவர் தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது, எனவே பாட்டிக்கும் தனியாகத் தேடுங்கள். 1922-க்குப் பிறகு தாத்தா அமெரிக்கராகி, பாட்டி கடைசிவரை இத்தாலியராகவே இருந்த வீடுகள் உண்டு. புதிய சட்டத்தில் பாட்டி வழியே வாசலாகலாம். ஒரு தடை: பெண் வழியாக 1948 ஜனவரி 1-க்கு முன் பிறந்த பிள்ளை என்றால் தூதரகம் ஏற்காது, இத்தாலிய நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

சிறுவயதில் வந்த மூதாதையர் இன்னொரு கண்ணி. அவர் மைனராக இருந்தபோது அவருடைய தந்தை அமெரிக்கராகியிருந்தால் அவரும் அமெரிக்கர்தான், தன் பெயரில் ஒரு தாளும் இல்லாமலே. அவர் பெயரில் தேடினால் "பதிவு இல்லை" என்றுதான் வரும். அதை நம்பி மகிழ்ந்துவிடாமல், அவருடைய தந்தையின் பெயரிலும் தேடி முடியுங்கள்.

பிரேசில், அர்ஜென்டினா வழி வருபவர்களுக்கு வேலை எளிது. பிரேசிலில் நீதி அமைச்சகம் இணையத்திலேயே "குடியுரிமை பெறவில்லை" சான்று தருகிறது. அர்ஜென்டினாவில் அதைத் தருவது தேசியத் தேர்தல் நீதிமன்றம். பெயர் வடிவங்களைப் பற்றிச் சொன்னது அங்கேயும் பொருந்தும்.

அப்போஸ்டில்

நேச்சுரலைசேஷன் தாளுக்கு அப்போஸ்டிலும் மொழிபெயர்ப்பும் தேவையா என்பதில் தூதரகத்துக்குத் தூதரகம் நடைமுறை மாறுகிறது. நீதிமன்ற வழக்கு என்றால் தேவை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டி தந்த தாளுக்கு அந்த மாநிலத்தின் செயலர் அலுவலகம். தேசிய ஆவணக் காப்பகமும் யூ.எஸ்.சி.ஐ.எஸ்.-உம் தந்தவை கூட்டாட்சி ஆவணங்கள். அவற்றுக்கு வாஷிங்டனில் உள்ள வெளியுறவுத் துறைதான், ஆவணத்துக்கு 20 டாலர். மாநில அலுவலகத்துக்கு அனுப்பினால் திரும்பி வந்துவிடும்.

ஆவணக் காப்பகத்தின் சான்றுநகல் சிவப்பு நாடாவும் முத்திரையும் சேர்த்துக் கட்டி வரும். ஸ்கேன் எடுப்பதற்காக அந்த நாடாவை அவிழ்க்காதீர்கள், ஸ்டேப்ளரைப் பிடுங்காதீர்கள்; பிரித்த கட்டு சான்றுநகல் ஆகாது. பக்கங்களை மடித்துப் பிடித்துக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டால் போதும். யூ.எஸ்.சி.ஐ.எஸ். கோப்பு தபாலில் வந்தால், கூட வந்த கடிதத்தையும் உறையையும் அப்படியே வைத்திருங்கள். தாள் எங்கிருந்து வந்தது என்று தூதரக அலுவலர் கேட்கும்போது காட்டுவதற்கு அவை வேண்டியிருக்கும்.